மருமவன் வாங்கப் போற கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி வாங்கப் போறியாமே மருமவனே, ஒங்கம்மா சொல்லுச்சு. எனக்கு மாரு பூரிச்சுப் போச்சு. கச்சிராயபாளையத்துல பொறந்து, கள்ளக்குறிச்சியில படிச்சு, டல்லாஸுல போயி கம்ப்யூட்டரு தட்டுற புள்ள, லீவுக்கு ஊருக்கு வந்த கையோட மரவள்ளிக் கொல்லையில பூர்ற காட்டுப்பன்னிக்காக ரிவால்வரு விசாரிக்குதுன்னா சும்மாவா? ஒங்கப்பன் அந்தக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சவே என்னை அனுப்புவான். நீ அதுக்குத் துப்பாக்கி காவலு போடறன்ங்கற. வம்சம் வளந்துருச்சு.

நான் தடுக்கல. யோசனதான் சொல்றன். கேட்டா கேளு, கேக்காட்டி போ. கேக்காம மாட்டிக்கிட்டா ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்புடாத, எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல.

ஒங்கூரு தோட்டாப் பஞ்சத்துலேருந்தே ஆரம்பிக்கறன். அமெரிக்காக்காரன் வூட்டுல மனுசத் தலைய விடத் துப்பாக்கி அதிகம்னு நீதான் சொன்ன. அப்படியாப்பட்ட தேசத்துல 2020ல கொரோனா வந்ததும் மொதல்ல கக்கூசுக் காயிதம் காணாமப் போச்சு, அடுத்தாப்ல தோட்டா காணாமப் போச்சு. ரெண்டையும் ஒரே ஆளுதான் வாரிக்கிட்டுப் போயிருப்பானோ என்னமோ. அந்த ஒரு வருசத்துல மட்டும் துப்பாக்கி சம்பந்தமா எஃப்.பி.ஐ. ஆளுங்க பாத்த பின்னணிச் சோதனை 4 கோடிக்குக் கிட்ட. மொதமொதல்ல துப்பாக்கி வாங்குனவன் ஏராளம். வாங்குனவனுக்கெல்லாம் ரெண்டு டப்பா தோட்டா வேணுமா இல்லியா? 20 சென்ட்டுக்கு வித்த 9 மில்லிமீட்டரு தோட்டா ஏறி ஏறி ஒரு டாலரத் தொட்டுச்சு. ஆளுக்கு ஒரு டப்பாதான்னு கடைக்காரன் எழுதி மாட்டுனான். விடியறதுக்கு முன்ன வரிசையில நின்னேன்னு பெருமையா வேற சொன்ன. இங்க ரேஷன் கடை வரிசையில நிக்கச் சொன்னா ஒனக்குக் காலு வலிக்கும்.

அதுல எனக்குப் புடிச்ச சேதி ரெமிங்டன் கம்பெனி சேதிதான். 1816லேருந்து துப்பாக்கி செய்யறவன். ஊரே தோட்டா தோட்டான்னு அலையுது, 2020 ஜூலையில அவன் போயி திவால் மனு குடுத்துட்டு ஒக்காந்துட்டான். ஆர்கன்சாஸ்ல இருந்த அவனோட தோட்டா பேக்டரிய இன்னொரு கம்பெனிக்காரன் 8 கோடியே 14 லட்சம் டாலருக்கு அடிச்சுக்கிட்டுப் போனான். யாவாரம்னா அவன் பண்ணதுதான் யாவாரம். வரிசையில நின்ன நீயும் இல்ல, மூடுன ரெமிங்டனும் இல்ல.

கொரோனா வந்ததாலதான் இப்பிடின்னு நெனைக்காத. ஒபாமா ஜெயிச்ச 2008லயும் இதே கூத்து. 2012 கடைசியில பள்ளிக்கூடத்துல குழந்தைங்களச் சுட்டுப்புட்டான் ஒரு பாவி, அதுக்கப்புறம் 2013 பூரா பொடித் தோட்டாகூட கெடைக்கலயாம். சட்டம் வந்துருமோன்னு பயந்து ஆளாளுக்கு வாங்கிப் பதுக்குனது. பயந்தவன் வாங்குறான், வாங்குறதாலயே சரக்கு தட்டுது, தட்டுறதப் பாத்து இன்னொருத்தன் பயப்படறான். இதுல கடைசிவரைக்கும் எவனும் எதையும் சுடல, கவனிச்சியா? எல்லாம் பரணுலதான் கெடக்கு.

சரி, ஒன் சினேகிதன் கதைக்கு வாறன். அவன் காரு நிறுத்துற கொட்டாயில மெஷினு வெச்சு, சுட்டு எறிஞ்ச தோட்டாவப் பொறுக்கியாந்து திரும்ப நெரப்பறானே, அவந்தான? கேட்டதும் எனக்கே ஆச வந்துருச்சு. ஒரு தோட்டாவுல நாலு சாமான். பித்தளக் கூடு, உள்ள மருந்து, மூக்குல ஈயக் குண்டு, அடியில பொட்டு மாதிரி ஒரு கேப்பு, நீ பிரைமருன்னு சொன்னது. கூடு பலதரம் ஒழைக்கும். கூடு சும்மா கெடைக்குது, அதனால தோட்டா மலிவுன்னு கணக்குப் போட்டான் அவன்.

கணக்க நானும் போட்டன். கடைத் தோட்டாவுக்கும் வூட்டுத் தோட்டாவுக்கும் ஆறேழு சென்ட்டு வித்தியாசம்னே வெச்சுக்க. மெஷினு, தராசு, அச்சு அது இதுன்னு 500 டாலராவது ஆவும். அந்தக் காசு திரும்பணும்னா ஏழாயிரத்துச் சொச்சம் தோட்டா சுட்டுத் தீக்கணும். ஏழாயிரம் பன்னிக்கு நான் எங்க போவன் மருமவனே? சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் ரெண்டையும் சலிச்சாலும் தேறாது. சேலத்து மலையிலேருந்து கடன் வாங்கணும்.

அதோட விட்டுதா? வூட்டுல முறுக்கு சுட்டா கடைய விட மலிவுன்னு ஒங்கத்தை ஒரு தீவாளிக்குச் சுட்டா. மலிவுதான். கைக்கு எட்டற தூரத்துல தூக்கு நெறைய இருந்துச்சு, நாலு நாள்ல காலி. கடையில வாங்குற வருசம் அரைக் கிலோவோட முடிஞ்சிரும். ஒன் சினேகிதனும் வூட்டுல நெரப்ப ஆரம்பிச்சதுலேருந்து வாரம் ஒருக்கா போன சுடற மைதானத்துக்கு மூணு தரம் போறானாம், நீதான் சொன்ன. மிச்சம் புடிக்கறவன் அப்பிடித்தான் செலவு பண்ணுவான்.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, பஞ்சம் வந்தப்ப மொதல்ல மறைஞ்சது தோட்டாகூட இல்ல, அந்தப் பொட்டுக் கேப்புதான். மூணு நாலு சென்ட்டுச் சாமான். அத வூட்டுல செய்ய முடியாது, பேக்டரிக்காரந்தான் செய்யணும். செய்யறவன் கையில கேப்பு இருந்தா அவன் சொந்தத் தோட்டாவுக்கு வெச்சு முழு வெலைக்கு விப்பானா, ஒன் சினேகிதனுக்குச் சில்லறையா விப்பானா? பித்தளக் கூடு மூட்டையில, மருந்து டின்னுல, ஈயம் பொட்டியில, மெஷினு பளபளன்னு. கேப்பு இல்லாம ரெண்டு வருசம் அவன் அந்தக் கொட்டாயில ஒக்காந்து மெஷினுக்கு எண்ணெ போட்டுக்கிட்டு இருந்தான். கடைக்காரனுக்கு அடிமையா இருக்க மாட்டன்னு மெஷினு வாங்குனவன், பேக்டரிக்காரன் கதவத் தட்டிக்கிட்டு நின்னான். சுயசார்புன்னா அவ்வளவுதான் நீளம் போவும் போல.

அது ஒங்கூரு. நம்மூருக்கு வா. இங்க தோட்டாப் பஞ்சம்னு ஒண்ணு வர்றதே இல்ல. எப்பவும் இருக்கறது புதுசா எங்கேருந்து வரும்?

மொதல்ல லைசென்சு. முன்னயெல்லாம் இதுக்கு விழுப்புரம் ஓடணும். 2019 நவம்பர் 26லேருந்து கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம், கலெக்டரு இங்கயே இருக்காரு. அலையறதுக்குப் பஸ்சு செலவு கம்மி, அது ஒரு சவுகரியம். மனு குடு. எதுக்குத் துப்பாக்கின்னு கேப்பாங்க. பன்னின்னு சொல்லிப்புடாத, அத அப்புறம் சொல்றன். உசுருக்கு ஆபத்துன்னா, யாரால ஆபத்துன்னு போலீசு கேக்கும். ஒனக்கு எவன் எதிரி? கடன் குடுத்து வாங்காம இருக்கறது நான் ஒருத்தந்தான். என் பேர எழுதுவியா? அப்புறம் துப்பாக்கி கையாளப் பழகுனதுக்குச் சான்று, டாக்டரு சான்று, போலீசு விசாரண. விசாரிக்க வர்றவரு தெருவுல நாலு பேர கேப்பாரு. ஒன்னைப் பத்தி நம்ம தெரு என்ன சொல்லும்னு ஒனக்குத் தெரியாதா?

கெடைச்சுருச்சுன்னே வெச்சுக்க. ஒன் 9 மில்லிமீட்டரு இங்க சனங்களுக்குத் தடை. போலீசுக்கும் பட்டாளத்துக்குந்தான். நமக்கு .32. கான்பூரு சர்க்காரு பேக்டரியில செய்யறான். 2014ல பொம்பளைங்களுக்குன்னு ‘நிர்பீக்’னு ஒண்ணு எறக்குனான், அரைக் கிலோ எடை, வெல 1 லட்சத்து 22 ஆயிரம். அப்பவே. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் போடற ஜி.எஸ்.டி. முன்ன நூத்துக்கு 28, இப்ப 2025 செப்டம்பர்லேருந்து 40. சொகுசுப் படகு, புகைக் குழாயி, கைத்துப்பாக்கி, மூணையும் ஒரே பந்தியில ஒக்கார வெச்சிட்டாங்க. கோமுகி அணையில படகு வுடறவன்கூட ஒன்னைய பாத்துத் தள்ளி நிப்பான்.

தோட்டா? பூனா பக்கத்துல கட்கியில ஒரு பேக்டரி. 1869ல வெள்ளக்காரன் ஆரம்பிச்சது. இந்தியாவுல லைசென்சு வெச்சிருக்கறவன் பெரும்பாலும் அங்கேருந்து வர்ற சரக்கத்தான் நம்பி இருக்கான். கடையில இருந்தா உண்டு. ஒரு தோட்டாவுக்குக் குடுக்கற காசுல கள்ளக்குறிச்சி பஸ்டாண்டு பக்கத்துல வயிறு நெறைய சாப்புட்டுட்டு வெத்தலயும் போடலாம். ஒரு தடவைக்கு எத்தன, வருசத்துக்கு எத்தனன்னு லைசென்சுலயே எழுதியிருப்பான். வாங்குனது பதிவாவும், சுட்டதுக்குக் கணக்கு கேப்பான். பழகிப் பாக்கச் சுட்டன்னு சொன்னா, எங்க சுட்டன்னு கேப்பான்.

வயித்தெரிச்சல் எதுன்னா, சரக்கு நம்ம நாட்டுலயே, நம்ம பக்கத்துலயே செய்யறதுதான். மேட்டுப்பாளையத்துலேருந்து ஊட்டிக்குப் பொகைய விட்டுக்கிட்டுப் போற சின்ன ரயிலு அருவங்காட்டுல நிக்கும். அங்க எறங்குனா கார்டைட் பேக்டரி. 1904லேருந்து தோட்டாவுக்குப் போடற மருந்து செய்யறான். திருச்சியில 1966லேருந்து துப்பாக்கி பேக்டரி. ஒரு மலையில மருந்து, ஒரு ஊருல துப்பாக்கி, நடுவுல நீ நானு. ஒரு குந்துமணி மருந்து நம்ம கைக்கு வராது. அப்பிடித்தான் இருக்கணும்னுதான் சட்டம் போட்டிருக்கான்னு வெச்சுக்க. அமெரிக்காவுல பஞ்சம் தானா வந்துச்சு, இங்க ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கு. எனக்குக் கேட்டா ரெண்டாவது பஞ்சந்தான் தேவலாம்பன். நம்ம தெருக் கல்யாணப் பந்தியில ஒருத்தனுக்கு ஒருத்தன் எல மாத்திப் போட்டதுக்கே அருவா தூக்குனதப் பாத்தவன் நான்.

இன்னொண்ணு. தேர்தலு தேதி அறிவிச்சா லைசென்சு துப்பாக்கியக் கொண்டு போயி ஸ்டேசன்ல ஒப்படைக்கணும். பார்லிமென்ட்டு, சட்டசபை, ஊராட்சின்னு வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு லட்சம் போட்டு வாங்குன சாமான் ஒன் வூட்டுல இருந்த நாளு கொஞ்சம், ஸ்டேசன் ரூம்புல பேப்பரு ஒட்டிக் கெடந்த நாளு அதிகம்னு ஆயிரும். ஏட்டய்யாவுக்கும் அதுக்கும் ஒரு பாசமே வந்துரும்.

பையில ஒரு தோட்டாவ மறந்து வெச்சுக்கிட்டு நீ மீனம்பாக்கத்துல பிளேனு ஏறப் போனன்னு வெச்சுக்க. பிளேனு போயிரும், நீ இருப்ப. தெரியாம இருந்துச்சுன்னு வக்கீலு வெச்சு கோர்ட்டுல சொல்லலாம். தெரிஞ்சு வெச்சிருந்தாத்தான் குத்தம்னு 1972லயே சுப்ரீம் கோர்ட்டு பேசியிருக்கு. ஆனா அதச் சொல்லி வெளிய வர்றதுக்குள்ள ஒன் டல்லாஸ் வேலைய வேற ஒருத்தன் பாத்துக்கிட்டு இருப்பான்.

அப்ப, இங்கயும் சினேகிதன் மாதிரி வூட்டுலயே நெரப்பிக்கலாமான்னு கேட்டியாம். அருமையான யோசன. எத்தன நாளு சோறு தருவாங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்க. லைசென்சு இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ செஞ்சா, 2019 டிசம்பர்ல திருத்துன சட்டப்படி கம்மியா 7 வருசம், மேல போனா ஆயுசு பூரா. சும்மா லைசென்சு இல்லாத துப்பாக்கிய வெச்சிருந்ததுக்கு 2 வருசத்துலேருந்து 5 வருசம். பாரு, வெச்சிருக்கறவன விட செய்யறவனுக்குத்தான் மரியாத கூட. டல்லாஸுல ஞாயித்துக்கிழம பொழுதுபோக்கு, கடலூரு மத்திய செறையில ஏழு வருசப் பொழுதுபோக்கு. பொழுது போவுமா போவாதான்னா, நல்லாவே போவும்.

ஒன் சினேகிதன் என்னமோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி பேசறியே, அதான் எனக்குச் சிரிப்பு. கல்வராயன் மலைமேல இருக்கறவன் கையில தோட்டாவே இருந்ததில்ல. ஒவ்வொரு வெடிக்கும் அவன் நெரப்பித்தான் சுட்டான். நாட்டுத் துப்பாக்கிக்கு வாயி வழியாத்தான் எல்லாம். கரிமருந்து, துணி, குச்சி போட்டுக் கெட்டிச்சு, சைக்கிள் கடையில வாங்குன பால்ரஸ் குண்டு. பேப்பருல பாத்திருப்ப: ‘நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்.’ சைக்கிள் ஓட்டறவனே இல்லாத மேட்டு ஊருல பால்ரஸ் மட்டும் எப்பிடி விக்குதுன்னு எவனும் கடைக்காரனக் கேட்டதில்ல. ஒரு வெடி போட்டுட்டு அடுத்த வெடிக்குக் கெட்டிக்கறதுக்குள்ள பன்னி கெழங்கத் தின்னுட்டு, கொல்லைய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, வேற ஏதும் இருக்கான்னு கேட்டுட்டுப் போவும். அடிவாரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு வலக் கையில ரெண்டு வெரலு கெடையாது. எப்பிடிப் போச்சுன்னு கேட்டா கரும்பு மெஷினும்பான். அவன் வூட்டுல கரும்பும் இல்ல, மெஷினும் இல்ல.

பன்னின்னு நெனச்சு ஆளச் சுட்ட கதையும் மலைக்கு மலை உண்டு. இருட்டுல செடி அசைஞ்சா அது பன்னிதான்னு முடிவு பண்றவன் கையில எந்தத் துப்பாக்கி இருந்தா என்ன? அத விடு, அது சிரிக்கற விசயம் இல்ல.

போலீசு தண்டோரா போடும். தானா கொண்டாந்து குடுத்தா கேசு இல்ல, புடிச்சா கேசுன்னு. கரியாலூரு ஸ்டேசன் பக்கத்துல இந்தச் சேதி அப்பப்ப வரும். கையில கொண்டு போயிக் குடுக்க எவனுக்கு மனசு வரும்? விடியக் காலம் பாத்தா கோயிலு ஓரம் நாலு, பொதருக்குள்ள ரெண்டு. யாரோடது? யாரோடதும் இல்ல. மலையில துப்பாக்கி தானா மொளைக்கும், தானா நடந்து வந்து ஸ்டேசனுக்குப் பக்கமாப் படுத்துக்கும். அப்புறம் வரிசையா செவுத்துல சாத்தி வெச்சு, பின்னால அதிகாரிங்க நின்னு போட்டோ. அந்தப் போட்டோவுல எல்லாரும் இருப்பாங்க, செஞ்சவன் மட்டும் இருக்க மாட்டான்.

சட்டமும் மலைக்காரன அடியோட மறந்துடல, அதயும் சொல்லணும். 1959 ஆயுதச் சட்டத்துலயே ஒரு எடம் இருக்கு. வாயி வழியாக் கெட்டிக்கற துப்பாக்கிய நெசமாவே பயிருக் காவலுக்குக் கேட்டா லைசென்சு குடுக்கலாம்னு. கொழாயி 20 அங்குலத்துக்குக் கொறையாத துப்பாக்கிக்கும் வழி இருக்கு. ஒன் கைத்துப்பாக்கி அந்த அளவுக்கு வளரணும்னா இன்னும் நாலு வருசம் எரு போடணும். எழுத்துல இருக்கறது ஒண்ணு, கையில கெடைக்கறது ஒண்ணு. மலையிலேருந்து எறங்கி ஆபீசு ஆபீசா அலையறவன் ரெண்டு நாளு கூலிய விட்டுட்டுத்தான் வரணும். ஜாகீர்தாருங்க கையிலேருந்து அந்த மலை 1976லதான் சர்க்காரு கைக்கு வந்துச்சு. நாடு விடுதல வாங்கி இருவத்தொம்போது வருசம் கழிச்சு. நல்ல ரோடு இல்ல, ஆசுபத்திரி வசதி இல்லன்னு 2024ல ஐகோர்ட்டே தானா கேசு எடுத்து விசாரிச்சுச்சு. ரோடு கேட்டப்ப வராத ஜீப்பு, துப்பாக்கின்னு சொன்னா எந்த ரோட்டுலயும் ஏறி வந்துரும். ரோடு வேணும்னா இப்பிடித்தான் கேக்கணும் போலன்னு மேல ஒரு கெழவன் எங்கிட்டச் சொன்னான். நான் ஒண்ணும் பதில் சொல்லல.

நீ கொடகுல பொறந்திருக்கணும் மருமவனே. அங்க கொடவருக்கும், ஜம்மா நெலம் வெச்சிருக்கறவனுக்கும் லைசென்சே வேணாம். வெள்ளக்காரன் 1861ல குடுத்த சலுகை, 2019ல மறுபடி நீட்டி 2029 வரைக்கும் இருக்கு. வெள்ளக்காரன் அவங்கள நம்புனான், நம்மள நம்பல. காரணம் இல்லாம இருக்காது. நம்ம மாமன் மச்சான் சண்டையப் பத்தி எவனாவது எழுதிப் போட்டிருப்பான்.

இப்ப பன்னி விசயம். லைசென்சு, ரிவால்வரு, தோட்டா மூணும் கையில இருக்குன்னே வெச்சுக்க. பன்னியச் சுடக் கூடாது. 1972 வன உயிரு சட்டம். 2025 ஜனவரியில, அப்ப வனத்துறை மந்திரியாவும் நம்ம திருக்கோயிலூரு எம்.எல்.ஏ.வாவும் இருந்த பொன்முடி சட்டசபையில சொன்னாரு. காப்புக்காட்டுலேருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வந்த பன்னிய ஒண்ணும் பண்ணக் கூடாது. ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் புடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு அப்பால போனா சுடலாம், அதுவும் பயிற்சி எடுத்த வனத்துறை ஆளுதான், நீ இல்ல. நம்ம கொல்லைக்கு மேக்கால வேலியத் தாண்டுனா காடு. நம்ம பன்னிங்களுக்கு இந்த ஆணை நல்லாத் தெரியும். மூணு கிலோமீட்டருக்குள்ளயே சாப்புட்டு முடிச்சுட்டுத் திரும்பிருதுங்க. சக்கர ஆலை வரைக்கும் போயி கரும்பு தின்னணும்னு ஒண்ணுக்கும் பேராச இல்ல.

சட்டம் கெடக்கட்டும், ஒன் .32 பன்னிக்கு என்ன பண்ணும்னு யோசிச்சியா? ராத்திரி, மரவள்ளி ஆளு ஒசரம், முப்பது நாப்பது கஜத்துல ஒரு கறுப்பு. நீ போடற குண்டு படாது. பட்டாலும் அது விழாது, கோவந்தான் வரும். ஒரு ஒத்தப் பன்னிக்குக் கோவம் வந்தா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாது, ஒன் தொடைக்குத் தெரிஞ்சிரும்.

அதுக்காக வேற குறுக்கு வழிக்கும் போயிராத. வெடிமருந்து பொதிஞ்ச அவுட்டுக்காய் வெக்கலாம்னு எவனாவது ஒங்காதுல ஓதுவான். அத வெச்சவன் வூட்டுப் பசு மாடே வாயி கிழிஞ்சு நின்னத நான் பாத்திருக்கறன். அதுக்கப்புறம் அந்த ஆளுகூட எனக்குப் பேச்சு இல்ல. கம்பத்துலேருந்து கொக்கி போட்டு வேலிக்கு நேரா கரண்டு விடறது இன்னொண்ணு. வேலி எது, பன்னி எது, பக்கத்துக் கொல்லைக்காரன் எதுன்னு அந்தக் கரண்டுக்குத் தெரியாது. வருசம் தவறாம எங்கியாவது ஒரு சாவு.

சொந்தமாச் செஞ்சா மலிவுங்கற பேச்சு இந்தப் பக்கத்துல கள்ளச் சாராயம்னு வேற ஒரு சரக்குலயும் ஓடுச்சு. 2024 ஜூன்ல கருணாபுரத்துல என்ன ஆச்சுன்னு டல்லாஸ் டி.வி.யிலயே காட்டுனான்னு சொன்ன. அறுவதுக்கு மேல செத்தாங்க. அதுல கலந்தது மெத்தனாலு. குடிச்சவனுக்கு என்ன கலந்திருக்குன்னு தெரியாது, காசு கம்மிங்கறது மட்டுந்தான் தெரியும். அத வெச்சு நான் பகடி பேச மாட்டன். அந்தத் தெருவுல எனக்குத் தெரிஞ்ச வூடு உண்டு.

அதனால இப்ப என்ன பண்ற, துப்பாக்கிக்குன்னு ஒதுக்குன ரெண்டு லட்சத்த அப்பிடியே வெச்சிரு. நம்ம பக்கம் வேளாண் பொறியியல் துறைன்னு ஒரு ஆபீசு இருக்கு. சூரிய மின்வேலிக்கு மானியம் குடுக்கறான். அது நேரா கரண்டு இல்ல, சுருக்குன்னு விட்டு விட்டு அடிக்கும். பன்னிக்கு மூக்குல பட்டா அன்னிக்குப் பொழுது அது வேற வூட்டுக் கல்யாணத்துக்குப் போயிரும். காட்டோரம்ங்கறதால வனத்துறைகிட்டச் சொல்லி அனுமதி வாங்கித்தான் போடணும், 2023லேருந்து அதுக்குன்னு விதி வந்துருச்சு. தோட்டா வேணாம், கேப்பு வேணாம், தேர்தலுக்கு ஸ்டேசன்ல ஒப்படைக்க வேணாம். கீழ மொளைக்கற புல்ல மட்டும் அறுத்துக்கிட்டே இருக்கணும், இல்லன்னா கம்பியில பட்டு வேகம் போயிரும். அத நான் பாத்துக்கறன், எம்மாட்டுக்குப் புல்லு ஆச்சு.

ஒன் கொல்லைக்கும் எங்கொல்லைக்கும் நடுவுல ஒரு வரப்புதான் இருக்கு, அது ஒனக்குத் தெரியாதது இல்ல. ஒன்னுத மட்டும் சுத்தி வேலி போட்டா அந்த வரப்பு மேலயும் கம்பி இழுக்கணும். அத விட்டுட்டு எங்கொல்லையும் சேத்து வளைச்சுட்டா வரப்புக் கம்பி மிச்சம். மத்த மூணு பக்கம் கொஞ்சம் கூட ஆவும், ஆவட்டுமே. மானியம் எல்லாம் போவ கையில மீறுற காசுல அது அடங்கிரும், நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டன். என் பங்கா? யோசன யாரு சொன்னது? புல்லு யாரு அறுக்கப் போறது?

பட்டா, சிட்டா, அடங்கலு ரெண்டு பேருக்கும் எடுத்து மஞ்சப் பையில வெச்சிருக்கறன், போன வாரமே. ஒன் ஆதாரு நகலு ஒண்ணு மட்டும் கொற. காலையில ஒம்போது மணி பஸ்சுக்கு வந்துரு, டிக்கெட்டுக்குச் சில்லறையா எடுத்தா.